பூந்தமல்லி சாலையிலிருந்து ஓசூர் சாலை வரை

காட்டுப்பாக்கம்

மவுண்ட் – பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கலைத் தாண்டினால் காட்டுப்பாக்கம். மெட்ரோ தூண்கள் எழுந்த பிறகு சாலையின் முகமே மாறிவிட்டது. நெல் விளைந்த நிலங்களில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவற்றைக் கட்டும் பீகார், ஒடிசா இளைஞர்கள் காலை ஏழு மணிக்கெல்லாம் டீக்கடை வாசலில் கூடிவிடுகிறார்கள். நம்மூர்க் கொத்தனார்கள், பெயின்டர்கள், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பையன்கள் எல்லோரும் அங்கேதான். டீ குடித்த கையோடு ஒரு சிகரெட், அல்லது ஒரு பீடி. அதுவும் இல்லையென்றால் கீழுதட்டை இழுத்து, பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு சிட்டிகை.

பெட்டிக்கடையில் சிகரெட் கண்ணெதிரே அடுக்கியிருக்கிறது. பீடிக் கட்டுகள் கடலை மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பற்றவைக்க லைட்டர் கயிற்றில் தொங்குகிறது. வாயில் வைக்கும் புகையிலை மட்டும் கண்ணில் படாது. கேட்கத் தெரிந்தவனுக்கு எங்கேயோ கிடைத்துவிடுகிறது.

"நான் அதை விக்கிறத விட்டுட்டேன் சார். பக்கத்துக் கடைக்குச் சீல் வெச்சாங்க. இருபத்தஞ்சாயிரம் கட்டினான். ஒரு மாச லாபம் போச்சு" என்றார் எனக்குப் பழக்கமான கடை அண்ணாச்சி.

தமிழ்நாட்டில் குட்கா, பான்மசாலா, புகையிலை கலந்த மெல்லும் பொருட்களுக்கு 2013 மே மாதம் தடை வந்தது. இப்போது முதல் முறை பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதம், 15 நாள் கடை மூடல். இரண்டாம் முறை 50,000 ரூபாய், 30 நாள். மூன்றாம் முறை ஒரு லட்சம், 90 நாள். சிகரெட்டுக்கும் பீடிக்கும் இருப்பது 2003-ஆம் ஆண்டின் மத்தியப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பதினெட்டு வயது நிரம்பாத பையனுக்கு சிகரெட் விற்றால் அதன்படி அபராதம் 200 ரூபாய் வரை. சிறார் நீதிச் சட்டத்தில் இதே செயலுக்கு ஏழாண்டு சிறை வரை இடம் உண்டு. ஆனால் கடைக்காரர்கள் அறிந்ததும் அஞ்சுவதும் உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் சீலை மட்டும்தான்.

எங்கள் தெருவில் பூச்சு வேலை பார்க்கும் கொத்தனார் ஒருவருக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்து, கரைத்துத்தான் உள்ளே தள்ளுகிறார். அவர் போட்டுக்கொண்டிருந்த பாக்கெட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டபோது, "எல்லாம் பெங்களூர் ரோடுதான்" என்றார் அண்ணாச்சி. அந்த ரோடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மாசி வெயில் ஏறுமுன் கிளம்பினேன்.

பூந்தமல்லி, நசரத்பேட்டை

குமணன்சாவடி, கரையான்சாவடி கடந்து பூந்தமல்லி. அதைத் தாண்டி நசரத்பேட்டையில் நெடுஞ்சாலை அகலமாக விரிகிறது. இடது கைப்பக்கம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை நீளமாக ஓடுகிறது. சென்னைக்குள் பகலில் நுழைய முடியாத லாரிகள் ஓரமாக ஒதுங்கி நிற்கின்றன. டிரைவர்கள் வண்டியடியில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். காய்கறி மூட்டைக்கு அடியிலும் பார்சல் பெட்டிகளுக்கு நடுவிலும் புகையிலைப் பொருட்கள் பிடிபட்டதாக இந்தச் சாலையைப் பற்றி அடிக்கடி செய்தி வரும்.

நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருவர் இஞ்சி டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "சிகரெட்டுனா வண்டிய நிறுத்தணும்ங்க. லோடு பஞ்சா, கெமிக்கலானு பாக்கணும். இது வாயில கிடக்கும். ராத்திரி முழுக்கத் தூக்கம் அண்டாது."

பக்கத்தில் நின்ற கம்பெனிப் பையன் சொன்னது எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. ஆலை வாசலில் சோதனை போட்டு லைட்டரையும் தீப்பெட்டியையும் வாங்கிக்கொள்வார்களாம். எட்டு மணி நேர ஷிப்டில் புகைக்க வழியில்லை. உதட்டுக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தால் சூப்பர்வைசருக்குக்கூடத் தெரியாது. பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. அடுத்தவர் மூச்சைக் காத்த நல்ல சட்டம் அது. ஆனால் புகையை மட்டும் துரத்தியதில் ஒரு பகுதிப் பழக்கம் வாய்க்குள் போய் ஒளிந்துகொண்டது. அதை யாரும் பின்தொடரவில்லை. 1975-ல் நாம் போட்ட முதல் சட்டமே சிகரெட்டுக்கு மட்டும்தான். அந்தச் சட்டப்படி பெட்டியில் எச்சரிக்கை வாசகம் சிகரெட்டுக்கு மட்டும் இருந்தது. பீடிக்கும் மெல்லும் புகையிலைக்கும் மத்தியச் சட்டம் நீள 2003 ஆயிற்று.

இத்தனைக்கும் 2016–17-ல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம். புகையில்லாப் புகையிலை பயன்படுத்துபவர்கள் 21.4 சதவீதம், அதாவது இரண்டு மடங்கு.

தமிழ்நாடு முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2001 நவம்பரிலேயே அன்றைய உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இங்கே தடை வந்தது. இப்படிப்பட்ட மாநிலத் தடைகள் 2004-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் விழுந்தன. இப்போதைய தடை 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நிற்கிறது. அதன் 30-ஆம் பிரிவு ஆணையருக்குத் தரும் அதிகாரம் ஓராண்டுக்கு மட்டுமே. அதனால் ஆண்டுதோறும் புதிய அறிவிக்கை. ஓராண்டு அதிகாரத்தை வைத்து நிரந்தரத் தடை போடுவது செல்லாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அந்த நிறுத்திவைப்பின் பலத்தில்தான் காட்டுப்பாக்கத்துக் கடைக்குச் சீல் விழுகிறது.

தடைக்கு நடுவே பணம் எப்படிப் புகுந்தது என்பதையும் இந்த ஊர் பார்த்தது. 2016-ல் சென்னையில் ஒரு குட்கா தயாரிப்பாளரிடம் வருமான வரிச் சோதனை நடந்தது. அமைச்சருக்கும் காவல்துறை அதிகாரிகளுக்கும் பணம் போனதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2017 ஜூலையில் திமுக உறுப்பினர்கள் பாக்கெட்டுகளைச் சட்டமன்றத்துக்குள் எடுத்துச் சென்று காட்டினார்கள். 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

குடியாத்தம்

வாலாஜாபேட்டை தாண்டியதும் பாலாறு கூடவே வருகிறது. தண்ணீரைவிட மணலும் முள்ளும்தான் அதிகம். வேலூர் கோட்டையை ஒட்டி நகரைக் கடந்து, பள்ளிகொண்டாவில் பிரிந்து குடியாத்தம் போனேன். 1954-ல் காமராஜர் முதல்வரான கையோடு இடைத்தேர்தலில் நின்று வென்ற தொகுதி. கைத்தறி லுங்கி, தீப்பெட்டி, பீடி மூன்றும் இந்த ஊரின் பிழைப்பு.

தெருவுக்குள் நுழைந்ததும் தும்மல் வந்தது. வாசல்தோறும் பெண்கள். ஒரு திண்ணையில் உட்கார இடம் கொடுத்தார் ஒரு அக்கா. மடியில் முறம். முறத்தின் ஒரு பக்கம் புகையிலைத் தூள், மறுபக்கம் ஈரத்துணியில் சுற்றிய இலை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளில் பறித்து வரும் இலை அது. தகர அளவை இலைமேல் வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார். நீள்சதுரத் துண்டில் ஒரு சிட்டிகைத் தூளைத் தூவி, இரு கட்டை விரலாலும் உருட்டுகிறார். தலையை மடித்துக் குத்தி, அடியில் நூலைச் சுற்றி இறுக்குகிறார். நான் அடுத்த கேள்வியை யோசிப்பதற்குள் இரண்டு பீடி முறத்தில் விழுந்தன. கட்டைவிரல் நகம் தேய்ந்து மழுங்கியிருந்தது.

"இன்னா பண்றது அண்ணா? எங்க அம்மா சுத்துனாங்க, நான் சுத்துறேன். பொண்ண மட்டும் முறத்தத் தொட உடல. நர்சிங் படிக்கிது."

இருமல் உண்டா என்று கேட்டேன். சிரித்தார். "ராத்திரில வரும். கொழந்தைக்குச் சோறூட்டினா கைல காரம்னு அழுவும். எத்தினி சோப்பு போட்டாலும் போவாது."

வரி பற்றிப் பேச்சு வந்தது. 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கு மேல் சிகரெட்டுக்கு நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, ஆயிரத்துக்கு 2,050 முதல் 8,500 ரூபாய் வரை கலால் வரி. பீடிக்கு? அதே நாளில் 28 சதவீதம் 18 ஆக இறங்கியது. பீடி இலைக்கு 2025 செப்டம்பரிலேயே 18-லிருந்து 5 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். சில்லறை விலையில் முக்கால் பங்காவது வரியாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பீடி அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை.

"வரி ஏத்தினா கம்பெனிக்காரன் எங்க கூலிலதான் கை வெப்பான்" என்றார் அக்கா. இந்தப் பயம்தான் ஒவ்வொரு முறையும் டெல்லி வரை போய்ப் பேசப்படுகிறது. சரி, வரி குறைந்தபோது கூலி ஏறியதா? "ஏறல" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பீடித் தொழிலாளர் நலனுக்கென்று 1976 முதல் தனியாக ஒரு தீர்வை இருந்தது. அவர்களின் பிள்ளைகளுக்கான உதவித்தொகையும் மருத்துவமனைகளும் அதிலிருந்துதான் நடந்தன. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். பீடிக்கான சலுகை இந்தத் திண்ணைக்கு வந்து சேரவில்லை என்பதை நேரில் பார்த்த பிறகு, ஏழைப் பெண்களைக் காரணம் காட்டிப் பீடி வரியைக் குறைக்கும் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பீடி வரியை உயர்த்தி, அந்தப் பணத்தில் இவர்களுக்கு வேறு தொழிலும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கொடுப்பதுதான் நேர்மை. பீடிப் புகையும் சிகரெட்டைப் போலவே நுரையீரலை அரிக்கிறது. அதை வாங்குகிறவன் காட்டுப்பாக்கத்தில் மண் சுமப்பவன்.

கிளம்பும்போது அக்கா ஒரு சொம்பு மோர் கொடுத்தார். அதிலும் இலையின் வாசம் இருந்தது.

ஆம்பூர்

பேர்ணாம்பட்டு வழியாக வந்தால் மலைகள் நெருங்கி வருகின்றன. தோல் பதனிடும் வாடையும் பிரியாணி மணமும் ஒன்றாக வரும் ஊர் ஆம்பூர். சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், கூடவே புளிப்பான கத்தரிக்காய்ப் பச்சடி. சென்னையில் இதன் பெயரைத் தாங்கிய கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. எங்கள் பூந்தமல்லி சாலைக் கடைகளில் மசாலா முன்னால் நிற்கும். இங்கே அரிசிதான் முன்னால் நிற்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் எதிரே பீடாக் கடைக்குப் போகிறார்கள். குல்கந்து, தேங்காய்த் துருவல், செர்ரிப்பழம். புகையிலை இல்லாத இனிப்புப் பீடா. குழந்தைகளும் கேட்டு வாங்குகிறார்கள். பாக்கை மட்டுமே மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. கல்யாணப் பந்தி முடிவில் வெற்றிலை பாக்கு வைக்கும் நமக்கு இதை வீட்டில் பேசுவது எளிதல்ல. ஆனால் பேசத்தான் வேண்டும்.

சூளகிரி

கிருஷ்ணகிரி தாண்டியதும் நிலம் ஏறுகிறது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பாறைகள் குவிந்த குன்றுகள், பூவும் பிஞ்சுமாக மாந்தோப்புகள். காற்றில் சென்னையின் பிசுபிசுப்பு இல்லை. சூளகிரியில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி சுருக்குப்பையிலிருந்து வெற்றிலையும் காய்ந்த புகையிலைத் துண்டும் எடுத்து வாயில் அடக்கினார். "பல்லு வலிக்கு ஆரம்பிச்சது சாமி, கல்யாணத்துக்கு முந்தி" என்றார். இவரைப் போன்றவர்களிடம் எந்தச் சோதனையும் போவதில்லை. எந்த எச்சரிக்கைப் படமும் போவதில்லை. சந்தையில் இலை எடைபோட்டுக் கிடைக்கிறது.

ஜூஜூவாடி, அத்திபெலே

ஓசூரைக் கடந்து ஜூஜூவாடி சோதனைச்சாவடி. அதற்கு அப்பால் சிறிது தூரத்தில் அத்திபெலே. எழுத்து கன்னடத்துக்கு மாறுகிறது. கடை வாசலும் மாறுகிறது. காட்டுப்பாக்கத்தில் ஒளிந்திருந்தவை இங்கே சரம் சரமாகத் தொங்குகின்றன. வெயிலில் மின்னும் பச்சை, சிவப்பு, வெள்ளிப் பொட்டலங்கள்.

ஓர் இளைஞன் இரண்டு சரங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கிழித்தான். முதல் பொட்டலம் பான்மசாலா. அதில் புகையிலை இல்லை. புற்றுநோய்ப் படமும் இல்லை. இரண்டாவது ஜர்தா என்னும் மெல்லும் புகையிலை. முகப்பின் பெரும்பகுதியில் அழுகிய வாயின் படம். 2016 முதல் 85 சதவீதப் பரப்பில் அச்சிட வேண்டிய படம் அது. சிறியதைப் பெரியதற்குள் கொட்டி, வாயை மடித்துக் குலுக்கி, அண்ணாந்து போட்டுக்கொண்டான்.

கர்நாடகத்திலும் குட்காவுக்கு 2013 மே முதல் தடை உண்டு. அதனால்தான் குட்கா இரண்டு பொட்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. இந்த வழியையும் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரிலேயே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உணவுப் பொருளில் புகையிலையோ நிகோடினோ இருக்கக் கூடாது என்ற மத்திய விதி 2011 முதல் நாடு முழுவதற்கும் பொதுவானது. பொட்டலங்களோ தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

"இங்க ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்" என்றார் தமிழ் பேசிய கடைக்காரர். "உங்க பக்கம் எடுத்துட்டுப் போனா ஒண்ணுக்கு மூணு, நாலு மடங்கு."

கர்நாடகத்தைக் குறை மட்டும் சொல்லக் கூடாது. 2025-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் அங்கே புகையிலை வாங்கும் வயது 21 ஆனது. சிகரெட்டை ஒற்றையாக விற்கவும் தடை உண்டு. தமிழ்நாட்டில் ஒற்றைச் சிகரெட் தாராளமாகக் கிடைக்கிறது. பள்ளிப் பையன் முதல் சிகரெட்டைப் பெட்டியாக வாங்குவதில்லை, ஒன்றாகத்தான் வாங்குகிறான். ஒன்றாக வாங்குகிறவன் கைக்கு எச்சரிக்கைப் படம் போவதே இல்லை. இந்த விஷயத்தில் நாம்தான் பின்தங்கியிருக்கிறோம்.

2024 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இதே எல்லைப் பிரச்சனை வந்தது. பள்ளி மாணவர்கள் 'கூல் லிப்' என்ற புகையிலைப் பொட்டலங்களை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்காருவதைப் பற்றி நீதிபதி பரத சக்கரவர்த்தி கவலை தெரிவித்தார். இதைப் பாதுகாப்பற்ற உணவாக அறிவித்து நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று மத்திய அரசைக் கேட்டார். வெளி மாநிலத்தில் இயந்திரம் ஓடும்வரை உள்ளூர்க் கடைக்கு வைக்கும் சீல் எத்தனை தூரம் போகும்? பூடான் 2004-ல் புகையிலை விற்பனையையே நாடு முழுவதும் தடை செய்தது. இந்திய எல்லை வழியே கடத்தல் பெருகியது. 2021-ல் தடையை விலக்கிக்கொண்டார்கள். நம் தடையும் அந்த வழியில் போய்விடக் கூடாது என்பதே என் அச்சம்.

2026 பிப்ரவரி முதல் மெல்லும் புகையிலைக்குக் கலால் வரியைப் பொட்டலம் அடைக்கும் இயந்திரத்தின் எண்ணிக்கை, வேகம், பொட்டலத்தில் அச்சிட்ட விலை இவற்றை வைத்துக் கணக்கிடுகிறது மத்திய அரசு. உற்பத்தியை மறைத்து வரி ஏய்ப்பதைத் தடுக்க இது வழி. அப்படியானால் நாட்டில் எந்த ஊரில் எந்த இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை பொட்டலம் அடைக்கிறது என்று அரசுக்குத் தெரியும். வரிக்காக எண்ணத் தெரிந்த இயந்திரத்தை, மத்திய விதியை மீறும்போது நிறுத்தவும் அரசால் முடியும்.

பெங்களூரு, ஓசூர் சாலை

பொம்மனஹள்ளி தாண்டி நகருக்குள் நுழையும் சாலைக்கும் ஓசூர் சாலை என்றே பெயர். அதே சாலையில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1973-ல் தொடங்கியது. வெளிநோயாளிப் பிரிவில் ஒரு பெஞ்சு விட்டு ஒரு பெஞ்சில் தமிழ் கேட்டது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்க்காரர்கள். நமக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை மாதிரி அவர்களுக்கு இது.

கிருஷ்ணகிரி பக்கத்து ஆள் ஒருவர், நாற்பது வயது இருக்கும், தன் கையை வாய்க்கு நேரே கொண்டுபோய்க் காட்டினார். மூன்று விரல்களைச் செங்குத்தாக உள்ளே வைக்க முடிந்தால் வாய் சரியாகத் திறக்கிறது என்று மருத்துவர்கள் பார்க்கும் சோதனை. அவருக்கு ஒரு விரல் நுழைந்தது. சிகரெட் விலை ஏறியபோது அதை விட்டுவிட்டு இதற்கு மாறினாராம். "நெஞ்சுக்கு நல்லதுன்னு நெனச்சேங்க. பொகையில்ல, நாத்தமில்ல. வீட்டுலயும் திட்டல." இப்போது அவர் மனைவி தூக்குவாளியில் கஞ்சி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சுவீடனில் ஸ்னுஸ் என்ற உதட்டுப் புகையிலை சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்ற வாதம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சுவீடன் தவிர மற்ற எங்கும் அதை விற்க முடியாது. கட்டுப்பாடோடு தயாராகும் அந்தப் பொருளைக் காட்டி, சுண்ணாம்பும் பாக்கும் கலந்து நம் சந்தைக்கு வரும் பொட்டலத்துக்கு யாரும் நற்சான்று வாங்க முடியாது. சிகரெட் விலையை மட்டும் ஏற்றினால் ஏழைத் தொழிலாளி எங்கே போவான் என்பதற்கு அந்த பெஞ்சே சாட்சி.

என் முடிவு இதுதான். தமிழ்நாட்டுத் தடை சரியானது. அதை ஓராண்டு அறிவிக்கையில் தொங்கவிடாமல் நிலையான சட்டமாக்க வேண்டும். ஒற்றைச் சிகரெட் விற்பனையை இங்கேயும் நிறுத்த வேண்டும். பீடிக்குத் தரும் வரிச் சலுகையை நீக்கி, அந்தப் பணத்தைக் குடியாத்தத்துத் திண்ணைகளுக்கு அனுப்ப வேண்டும். இரட்டைப் பொட்டலத்தை அத்திபெலேயில் அல்ல, அடைக்கும் இயந்திரத்திலேயே தடுக்க வேண்டும். இவை நடக்கும்வரை, விட நினைப்பவருக்கு உதவி இருக்கிறது. கித்வாய்க்கு அருகிலேயே உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலிருந்து தேசியப் புகையிலை விடுபடல் தொலைபேசிச் சேவை தென்மாநில மொழிகளில் இயங்குகிறது. கட்டணம் கிடையாது. சிகரெட், பீடி, வாய்ப்புகையிலை எதுவானாலும் தமிழிலேயே பேசி ஆலோசனை கேட்கலாம். எண்: 1800-11-2356. உங்கள் வீட்டில், கடையில், வேலையிடத்தில் தேவைப்படுகிறவர் யாராவது இருப்பார். அவரிடம் இந்த எண்ணைக் கொடுங்கள்.